மீதி பத்தொன்பது கிலோ

என் மாமனாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் உண்டு. ஒன்று பால். இன்னொன்று, பாலைப் போல ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரியாத மற்ற எல்லாம்.

உத்தியோகக் காலம் முழுவதும் ஒரு பால் ஆலையின் வாசலில் நின்றவர் அவர். வண்டியிலிருந்து இறங்கும் கேனுக்குள் அளவுக் குச்சியை விட்டு லிட்டர் பார்ப்பார். பிறகு அதே கேனைத் தராசில் ஏற்றிக் கிலோ பார்ப்பார். பால் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். லிட்டர் கூடுதலாகவும் கிலோ குறைவாகவும் வந்தால் உள்ளே நுரை என்று அர்த்தம். கொண்டுவந்தவர் வழியில் கேனை நன்றாகக் குலுக்கியிருக்கிறார். மாமா கேனின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி நுரையை இறக்குவார், அடுத்து ஆளையும் வாசலுக்கு வெளியே இறக்குவார். இப்படியே கேன் கேனாகப் பார்த்து, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர் என்று அவர் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போகாத பொருளில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நான் பஞ்சுத் தலையணை செய்கிறேன். என் தலையெழுத்தை என்னவென்று சொல்ல.

எங்கள் வீடு ஐந்தாம் மாடியில். கூடத்தில் இரண்டு தையல் மெஷின், ஜன்னல் பாதி மறைகிற அளவுக்குப் பஞ்சு மூட்டைகள், மூலையில் உறை வெட்டுகிற மேஜை. ஒரு மெஷினில் நான், இன்னொன்றில் தையல்காரி அக்கா. மாமா தன் அறையிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமானால் எங்கள் பஞ்சைக் கடந்துதான் போயாக வேண்டும். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். போகிற போக்கில் ஒரு தலையணையைத் தூக்கிப் பார்த்து, "கனமே இல்ல" என்று திரும்ப வைத்துவிடுவார். நான் செய்வதை அவர் ஒருநாளும் வேலை என்று சொன்னதில்லை. செய்து முடித்ததைச் சரக்கு என்றும் சொன்னதில்லை. "நுரை" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் நல்லவர். அப்பா பேசும்போது அப்பாவுக்குத் தலையாட்டுவார், நான் பேசும்போது எனக்குத் தலையாட்டுவார். இருவரும் சேர்ந்து பேசினால் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

இந்த நிலையில்தான் புதிதாகக் கட்டிய ஓர் ஆஸ்பத்திரி என்னிடம் இருநூறு தலையணை கேட்டது. நான் பார்த்த பெரிய ஆர்டர் அதுதான். இதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் இனி வருஷாவருஷம் அவர்களுக்குத் தலையணை என் கையால். தவறினால் ரப்பர் மெத்தைக் கம்பெனிக்காரன் வாசலிலேயே காத்திருக்கிறான். மாமாவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தார்.

"இது சரிப்பட்டா நடத்திக்கோம்மா. சரிப்படலன்னா கூடத்தக் காலி பண்ணிடு. என் சிநேகிதர் ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் வேணுமாம். உக்காந்த எடத்துல கௌரவமான வேலை."

என் கணவர் தலையாட்டினார். போன் எடுப்பது கேவலம் இல்லை. ஆனால் எனக்குப் பஞ்சுதான் பிடித்திருக்கிறது. ஒரு நல்ல தலையணையை உதறி உறைக்குள் போட்டு, நடுவில் ஓர் அடி அடித்து, அது மெதுவாக எழுந்து வருவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அதை விட்டுவிட்டு யாரோ ஒருவருக்கு "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இப்போது லிஃப்ட்டுக்கு வருகிறேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழைய காலத்துச் சாமான். கையால் இழுத்து மூடுகிற கம்பிக் கதவு. பாரம் கூடினால் கத்துகிற மணியெல்லாம் அதில் கிடையாது. உள்ளே ஒரு தகட்டில் "450 கிலோ" என்று எழுதியிருந்தது. சுவருக்கு வர்ணம் பூச வந்தவர்கள் சும்மா இருக்காமல் லிஃப்ட்டுக்கும் பூசிவிட்டதில் கிலோ மறைந்து எண் மட்டும் மிஞ்சியது. குடியிருப்போர் சங்கத்துக்கு மாமாதான் செயலாளர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரிகை எடுத்து, தன் அழகான கையெழுத்தில், 450க்குப் பக்கத்தில் "லிட்டர்" என்று எழுதிவிட்டார்.

"கிலோன்னுல்ல மாமா இருந்துச்சு?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. தராசுக்கு முள் ஆடும், ஸ்பிரிங் தளரும். தண்ணி பொய் சொல்லாது."

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. லிஃப்ட்டில் ஆறு பேர் ஏறலாமா ஏழு பேர் ஏறலாமா, நாலாம் மாடிப் பெரியவரை ஒருவராக எண்ணுவதா இரண்டு பேராக எண்ணுவதா என்று தினமும் வாசலில் நடக்கிற சண்டையை ஒரேயடியாக முடித்துவைக்கப் போவதாக மாமா அறிவித்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆள் உயர நீல டிரம் ஒன்று வந்து இறங்கியது. கழுத்தருகே ஒரு குழாய், குழாய்க்குக் கீழே கோடு போட்ட வாளி. டிரம் நிறையத் தண்ணீர். ஒவ்வொருவராக ஏணியில் ஏறி உள்ளே முங்க வேண்டும். குழாய் வழியாக எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறதோ அவ்வளவு லிட்டர் அந்த ஆள்.

யாராவது மறுப்பார்கள் என்று நினைத்தேன். வரிசையில் நின்றார்கள். இலவசமாக எதை அளந்தாலும் நம் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் போலிருக்கிறது.

"மூச்ச விட்டுட்டு முங்குங்க! காத்த உள்ள வச்சுக்கிட்டு முங்கினா கணக்கு தப்பும்" என்று மாமா வாளிப்பக்கம் குந்திக்கொண்டு கத்தினார். நான் ஐம்பத்தெட்டு லிட்டர். என் கணவர் எழுபத்திரண்டு. நாலாம் மாடிப் பெரியவர் முங்கியதில் மூன்று வாளி நிறைந்து செடிகளுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. இரண்டாம் மாடி டீச்சர் மட்டும் சந்தேகப்பட்டுத் தன் வீட்டு எடை மெஷினில் ஏறிப் பார்த்தார். டிரம்மில் அறுபத்தொன்று லிட்டர், மெஷினில் அறுபத்தொன்று கிலோ. மாமா எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு அந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்கிற பழக்கமே ஒழிந்தது.

மனித உடம்பும் ஏறக்குறையத் தண்ணீர்தான். அதனால்தான் எண் பொருந்தியது. ஆட்கள் ஏறி இறங்குகிற வரைக்கும் லிட்டர் என்று எழுதினாலும் கிலோ என்று எழுதினாலும் லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடும். இது எனக்குத் தெரியும், ஆனால் என் பேச்சை யார் கேட்டார்கள்? வாசலில் சந்தித்தால் "என்ன, ரெண்டு லிட்டர் எளைச்ச மாதிரி இருக்கீங்க" என்று விசாரித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

சரக்குக்கும் விதி வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு நடைதான் சாமான் ஏற்றலாம், இறக்கலாம். கூட வருகிற ஆளையும் சேர்த்து நானூற்றைம்பது லிட்டருக்குள் இருக்க வேண்டும். மாடிப்படியில் சாமான் தூக்கவே கூடாது. இந்தப் படி விதி பழசு. முன்பு யாரோ பீரோவைப் படியில் தூக்கிப்போய், திருப்பத்தில் அது சிக்கி, வெகுநாள் வரைக்கும் நாங்கள் எல்லோரும் அதன் காலுக்கடியில் தவழ்ந்து வீட்டுக்குப் போனோம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தலையணை ஒன்று டேப் வைத்து அளந்தால் இருபது லிட்டர். நானும் அக்காவும் லிஃப்ட்டில் ஏறினால் எங்கள் இரண்டு பேருக்கே நூற்றுப்பத்து போய்விடும். மிச்சத்தில் பதினேழு தலையணை. இருநூறு தலையணையை ஒரே நாளில் கொடுக்க வேண்டும், முன்கூட்டி அனுப்பினால் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் இன்னும் கிடங்கு தயாராகவில்லை.

ஒரு தலையணையையும் சமையலறைத் தராசையும் தூக்கிக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் கதவோரம் நின்றார், எந்தப் பக்கமும் சாயாமல்.

"மாமா, பாருங்க. ஒரு கிலோ. இருநூறயும் சேத்தாக்கூட எரநூறு கிலோதான். லிஃப்ட்டுக்கு ஒரு பாரமே இல்ல. எத்தன நடை வேணும்னாலும் போகலாம்."

மாமா தராசைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கேன் குலுக்கியவனைப் பிடித்த முகம்.

"இது எத்தன லிட்டர்?"

"இருபது."

"தராசு எத்தன காட்டுது?"

"ஒண்ணு."

"மீதி பத்தொன்பது கிலோ எங்க?"

"மீதின்னு ஒண்ணு இல்ல மாமா. பஞ்சு அவ்வளவுதான்."

"இருபது லிட்டர் எடத்த அடைச்சிக்கிட்டு ஒரே ஒரு கிலோவா நிக்குதுன்னா என்னம்மா அர்த்தம்? பத்தொன்பது பங்கு நுரைன்னு அர்த்தம். பால்ல இவ்வளவு நுரையோட எவனாவது வந்திருந்தா போலீசுக்குச் சொல்லியிருப்பேன்."

"அப்ப இது சரக்கே இல்லன்னு வச்சுக்கோங்க. வெறும் நுரைதானே? படியில இறக்கிக்கறேன்."

"விதி நுரைக்கும் சேத்துத்தான்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"என் மருமகள்னு நான் விட்டுக்குடுத்தா நாளைக்கு நாலு பேர் என்னைக் கேப்பாங்க" என்றார் மாமா. அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சமாளித்திருப்பேன். நியாயஸ்தரை என்ன செய்ய முடியும்?

அதோடு நிற்கவில்லை. எனக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தலையணையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். டிரம்மின் ஏணியில் ஏறி, நான் "மாமா, வேண்டாம் மாமா" என்று சொல்லி முடிப்பதற்குள் தலையணையைத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கினார்.

குழாய் வழியாகக் கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டது. தலையணை அமைதியாகத் தண்ணீரைக் குடித்தது. குமிழி குமிழியாக மேலே வந்தது.

"நுரை! பாத்தியா, நுரை!" மாமா குமிழியைச் சுட்டிக்காட்டினார்.

பிறகு அதை வெளியே தூக்கப் பார்த்தார். முடியவில்லை. என் கணவரும் ஏணியில் ஏறி, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டார்கள். சொட்டச் சொட்ட அது ஆடியது. முள் இருபதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"வந்துச்சு பாரு! மீதி பத்தொன்பது கிலோ!" மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இப்பதாம்மா இது யோக்கியமான தலகாணி. இருபது லிட்டர், இருபது கிலோ. இப்படியே எல்லாத்தையும் நனைச்சுக் குடுத்துடு."

"நோயாளி தலைக்கடியில ஈரத் தலகாணியா மாமா?"

"ஜுரத்துக்கு நல்லதுதானே?"

அன்றைக்கு நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்த மனிதரிடம் தோற்பதற்கு எனக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு டிரம்மிடம் தோற்றதுதான் பொறுக்கவில்லை. மாமா அந்தத் தலையணையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். அதுவோ உருண்டை உருண்டையாகக் கட்டி தட்டி, உதவாமல் போனது. மிச்சமிருந்த பஞ்சையெல்லாம் துடைத்து வழித்து அதற்குப் பதிலாக இன்னொன்று தைத்தோம். இருநூறு சரியாக முடிந்தது. ஒரு பிடி பஞ்சு மிச்சமில்லை.

கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கூடத்தில் உட்கார இடமில்லாமல் பிளாஸ்டிக் உறை போட்ட தலையணைகள் கூரை வரைக்கும் நின்றன. ஆஸ்பத்திரிக் கிடங்கு அம்மாள் காலையிலேயே போன் செய்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள இருநூறும் வந்துடணும்மா. நாளைக்குத் திறப்பு. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒரு கட்டில் வெறுங்கட்டிலா நிக்கும். அந்தக் கம்பெனிக்காரர் வேற இங்கயே உக்காந்திருக்காரு."

வேன் வந்து வாசலில் நின்றது. முதல் பதினேழையாவது இறக்குவோம், மிச்சத்துக்கு மாமாவின் காலில் விழுவோம் என்று நானும் என் கணவரும் படியில் இறங்கிப் போனோம். லிஃப்ட் காலியாக இல்லை.

எங்கள் கட்டடத்தில் தண்ணீரோடு ஒத்துப்போகாத பொருளை வைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை. ஆறாம் மாடியில் ஒரு பயில்வான் இருந்தார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். மூடிப்போன ஒரு பயிற்சிக்கூடத்தின் இரும்பையெல்லாம் மொத்தமாக வாங்கி, அன்றைக்குப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தட்டு, கம்பி, டம்பெல் என்று எல்லாம் லிஃப்ட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. மாமா ஒவ்வொன்றையும் வாளியில் முக்கி லிட்டர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நுரையே இல்லாத பொருள்ம்மா!" என்றார் என்னைப் பார்த்ததும். "பாரு, இவ்வளவு பெரிய தட்டு, ரெண்டே லிட்டர். எல்லாம் சேத்து நூத்தம்பதுகூட வரல."

சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் ஒரு கட்டுக் கம்பியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"இருபது லிட்டரத் தூக்க நாலு பேரா? சாப்பிடறதில்லயா நீங்கல்லாம்?" என்று மாமா அதட்டினார்.

கட்டு உள்ளே இறங்கியதும் லிஃப்ட் ஒரு சாண் கீழே போனது. மேலே கயிறு முனகியது.

"மாமா, எறங்குது பாருங்க" என்றேன். "இது ஆயிரம் கிலோவுக்கு மேல இருக்கும். வெளிய வாங்க."

"நூத்தம்பது லிட்டர் எப்படிம்மா ஆயிரம் கிலோவாகும்? எங்கேருந்து வரும் மீதி?" அவருக்கு என்மேல் நிஜமாகவே இரக்கம் வந்ததாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் பயில்வானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். புது விதிப்படி போகிற முதல் சரக்கு நடையைச் செயலாளர் கூடவே போய்ப் பார்க்க வேண்டுமாம். பயில்வான் கதவை இழுத்து மூடி ஆறாம் எண்ணை அமுக்கினார்.

மோட்டார் உறுமியது. லிஃப்ட் ஒரு கணம் யோசித்தது. பிறகு மேலே போவதற்குப் பதிலாக மெதுவாக, மிக மரியாதையாக, கீழே போக ஆரம்பித்தது. நாங்கள் நின்ற தரைத்தளத்துக்குக் கீழே வேறு தளம் கிடையாது, லிஃப்ட் குழிதான். முதலில் மாமாவின் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு அவருடைய சட்டைப்பையும் பேனாவும். தலை மட்டும் எங்கள் முழங்கால் உயரத்தில் மிஞ்சியபோது, குழியின் அடியில் போய் "டங்" என்று இடித்து நின்றது. அந்த இடியில், அடுக்கின் உச்சியில் இருந்த சின்ன டம்பெல் ஒன்று உருண்டு மாமாவின் வலது பாதத்தில் விழுந்தது.

கட்டடமே கேட்கிற மாதிரி அலறினார். நான் கம்பிக் கதவருகே தரையில் படுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மாமா, ரொம்ப வலிக்குதா?"

"அர லிட்டர்" என்றார், கண்ணில் தண்ணீரோடு. "வெறும் அர லிட்டர்தாம்மா அது. நானே அளந்தேன்."

வலியைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமானால் முதலில் இரும்பை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, வைக்க வேறு இடமில்லாமல் மாடிப்படியின் அடியிலேயே குவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைகிற இடுக்குதான் மிச்சம். தலையணையோடு யாரும் வர முடியாது. லிஃப்ட் குழியில், படியை இரும்பு அடைத்துவிட்டது, என் இருநூறு தலையணையும் ஐந்தாம் மாடியில். வேன் டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேங்க. அப்புறம் கெளம்பிடுவேன்."

மாமாவைப் பார்த்துக்கொள்ள அத்தனை பேர் இருந்தார்கள். என் தலையணையைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான். "நீங்க மாமாகிட்டயே இருங்க" என்று என் கணவரிடம் சொல்லப்போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ மேல போ. பால்கனி நேரா வாசலுக்கு மேலதான இருக்கு? போடு. நானும் டிரைவரும் போர்வைய விரிச்சுப் புடிக்கிறோம்."

கல்யாணம் ஆன நாளாக அவர் தலையாட்டாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. எனக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரும்பு இடுக்கில் புகுந்து படியேறினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்.

அக்கா கூடத்திலிருந்து எடுத்துக் கொடுக்க, நான் பால்கனியிலிருந்து போட்டேன். இருபது லிட்டர், ஒரு கிலோ. காற்றில் புரண்டு புரண்டு இறங்கி, சத்தமில்லாமல் போர்வையில் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மாடி மாடியாக ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாடி டீச்சர் தன் பால்கனியிலிருந்து கையை நீட்டி, தவறிப்போன ஒன்றைப் பிடித்துத் திரும்பக் கீழே விட்டார். நாலாம் மாடிப் பெரியவர் கைதட்டினார். எனக்குக் கை வலித்தது, தோள் வலித்தது, ஆனால் மனத்துக்குள் ஒரு குதூகலம். என் பஞ்சுக்குக் கனம் இல்லை என்பதற்காக அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

கடைசித் தலையணை என் கையை விட்டுப் போன அதே நொடியில் கீழே வாசல் கதவு திறந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் மாமாவின் பாதத்தில் கட்டுப் போட்டு, ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பாவைக் கண்டதும் என் கணவர் போர்வை முனையை விட்டுவிட்டு ஓடினார்.

மல்லாந்து படுத்திருந்த மாமா மேலே பார்த்தார். ஐந்தாம் மாடியிலிருந்து இருபது லிட்டர் தன் மார்பை நோக்கி வருவது அவருக்குத் தெரிந்தது. அர லிட்டர் தன் பாதத்தை என்ன செய்தது என்பதும் தெரியும். அவர் மனத்துக்குள் போட்ட கணக்கு எனக்குப் பால்கனியிலிருந்தே கேட்டது. இரண்டு கையையும் தூக்கி, கண்ணை இறுக மூடி, "முடிஞ்சுது!" என்று கத்தினார்.

தலையணை பொத்தென்று அவர் மார்பில் உட்கார்ந்தது.

நான் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, இரும்பு இடுக்கில் சேலையைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மாமா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"நான் செத்துட்டேனா?" என்றார்.

"இல்ல மாமா. தலகாணி."

ஒரு கண்ணைத் திறந்தார். மார்பில் இருந்ததைப் பார்த்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். வாசலே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மேல விழுந்துச்சும்மா" என்றார் மெதுவாக. "அவ்வளவு ஒசரத்துலேருந்து. எனக்கு ஒண்ணுமே ஆகல."

"ஆமா மாமா."

"அப்ப அந்த மீதி பத்தொன்பது கிலோ..."

"இல்ல மாமா. எப்பவுமே இல்ல."

அவர் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். ஒரு மனிதரின் ஆயுள்காலக் கணக்கு சரிகிறபோது எதிரே நிற்பது சுகமான காரியம் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வேன் டிரைவர் பின்னால் வந்து நின்றார். "எண்ணிட்டேங்க. நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு. ஒண்ணு கொறையுது."

எல்லோருடைய கண்ணும் மாமாவின் மார்புக்குப் போனது. எனக்குக் கேட்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் ஒரு கட்டில் வெறுங்கட்டிலாக நிற்கும். அந்தக் கம்பெனிக்காரன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

"மாமா, அது ஆர்டர்ல சேந்தது" என்றேன்.

மாமா தரவில்லை. தலையைக் கொஞ்சம் தூக்கி, தலையணையைத் தானே கீழே வைத்து, அதன்மேல் சாய்ந்துகொண்டார். அது அமுங்கி, பிறகு மெதுவாக எழுந்து அவர் கன்னம் வரைக்கும் வந்தது.

"இந்த ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது?" என்று கேட்டார்.

"புதுசா ஒண்ணு திறக்கிறாங்களே, அங்கதாங்க" என்றார் ஸ்டிரெச்சரின் முன்பக்கம் பிடித்திருந்தவர். "நாளைக்குத்தான் திறப்பு. அவசரத்துக்கு இப்பவே எடுத்துக்குவாங்க. நீங்கதான் முதல் ஆள்."

மாமா என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ வேனோட வந்துடும்மா. இத நான் கொண்டாந்து குடுத்துடறேன்."

அவரைத் தூக்கி ஆம்புலன்ஸுக்குள் ஏற்றினார்கள். ஏற்றும்போது கொஞ்சம் குலுங்கியது. உடனே உள்ளேயிருந்து அந்தப் பழைய ஆலைவாசல் குரல் அதட்டியது:

"பாத்துப்பா, குலுக்காத! தலைக்கடியில என் மருமகளோட சரக்கு இருக்கு."